இரண்டு உத்தரவு, ஒரு பதில்

எங்கள் வீட்டில் யாரும் 'சரி' என்று முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா, சித்தப்பா, இப்போது என் மனைவியின் அண்ணன் சின்னமுத்து, எல்லோருமே போடியில் ஏலக்காய் வியாபாரிகள். சரி என்று வாய்விட்டுச் சொன்னால், அவசரத்தில் இருக்கிறான் என்று எதிராளி கண்டுகொள்வான். அதனால் ஒரு 'ம்' மட்டும். சிலருக்கு அதுவும் வீண் செலவு. இமையைத் தாழ்த்துவதோடு சரி. அது கிடைத்ததும் மூட்டையைக் கட்டிவிட வேண்டும். "சரிதானே?" என்று திரும்பக் கேட்கிறவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை. கேட்ட நொடியில் எதிராளிக்கு மனசு மாறிவிடும்.

இந்தப் படிப்பை முடித்துவிட்டுத்தான் நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போனேன். வடக்கே ஒரு பெரிய விமான நிலையம். அடுத்தடுத்து இரண்டு ஓடுபாதைகள், ஒன்றுக்கொன்று இணையாக. ரேடார் திரை முன்னால் உட்கார்ந்து, வருகிற விமானங்களை வரிசைப்படுத்தி இந்தப் பாதைக்கு நீ, அந்தப் பாதைக்கு நீ என்று அனுப்புவது என் வேலை. அங்கே விதி எங்கள் வீட்டு விதிக்கு நேர் எதிர். நான் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் திரும்பக் கேட்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் கேட்டேன். போன மே மாதம் ஒரு மாலையில் கேட்கவில்லை.

அப்போது என் பொறுப்பில் ஏழு விமானங்கள். ஒன்றிடம் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். அது பதில் சொல்வதற்குள், தெற்கிலிருந்து வந்த இன்னொன்றிடம், இடப்பக்கம் திரும்பித் தெற்குப் பாதைக்கு நேராக வா என்றேன். காதில் 'டிக் டிக்' என்று சத்தம். பேச நேரமில்லாத விமானிகள் மைக் பொத்தானை இரண்டு முறை அமுக்கிவிடுவது உண்டு. கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். சட்டப்படி அது செல்லாது. என் காதுக்கு அது நல்ல, கட்டியான 'ம்'. அடுத்த விமானத்துக்குப் போய்விட்டேன்.

கொடுத்தது இரண்டு உத்தரவு. வந்தது ஒரு பதில். அதை எனக்கு வேண்டிய பக்கம் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பியிருக்க வேண்டிய விமானம் திரும்பவில்லை. தன் பாதையைக் குறுக்கே தாண்டி, வடக்குப் பாதைக்கு இறங்கிக்கொண்டிருந்த விமானத்தை நோக்கிப் போனது. இரண்டுக்கும் நடுவே மூன்று மைலாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் உயரத்தில் ஆயிரம் அடி. நான் பார்த்தபோது முக்கால் மைல், முந்நூறு அடி. நான் வாய் திறப்பதற்குள் விமானத்தில் இருந்த எச்சரிக்கைக் கருவியே ஒன்றை மேலே ஏறச் சொல்லிவிட்டது. இரண்டிலும் சேர்த்து முந்நூற்று நாற்பது பேர், கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப் போய்ப் பெட்டிக்காகக் காத்து நின்றார்கள்.

விசாரணையில் எழுதிக் கொடுத்தேன்: "உத்தரவு தரப்பட்டது. ஒப்புதல் பெறப்பட்டது." தேடினாலும் அதில் ஒரு பொய் அகப்படாது. திரும்பாத விமானத்தில் ரேடியோவில் பேசியவள் துணை விமானி வித்யா. வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம். உத்தரவே தங்கள் காதில் விழவில்லை என்றாள். ஒலிப்பதிவில் அந்த டிக் டிக் இருந்தது. யாருடையது என்பது இல்லை. கேட்டும் கவனிக்காமல் விட்டாள் என்று அவளைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். வேகம் குறைக்கச் சொன்ன விமானம் எனக்கு வேறெந்தப் பதிலும் சொல்லவில்லை, அந்த டிக் டிக் அதனுடையதாகவே இருக்கலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபரில் விடுப்புப் போட்டுப் போடிக்கு வந்தேன். அடுத்த வாரம் இறுதி அறிக்கை.

"மோட்டுவளையப் பாத்துப் படுத்துக் கெடக்குறதுக்குக் குரங்கணிக்கு வாங்க மாப்ளே. காய் பாத்துட்டு வருவோம்," என்று மச்சான் சின்னமுத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில், ஏலத்தோட்டம் வைத்திருக்கும் அன்னக்கொடி அம்மாவின் வீடு. காய்ந்த காய் சாக்கில் தயாராக இருந்தது. மச்சான் ஒரு கை அள்ளிக் குலுக்கி, மூக்கைச் சுளித்து, உலகத்தில் ஏலக்காயே தேவையில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"கிலோ ரெண்டாயிரத்து இருநூறு ஆத்தா. நாளைக்கு இதுவும் நிக்காது."

அன்னக்கொடி ஒரு காயை நகத்தால் பிளந்து உள்ளே ஏல அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்: "அத்தே, காப்பிக்குக் கருப்பட்டி போடவா?"

"ம்."

மச்சான் சாக்கின் வாயைச் சுருட்டிவிட்டார்.

"என்ன அப்பு, கட்டுற?"

"நீங்கதான ம்-னீங்க."

"அது காப்பிக்குப்பா."

"வாய்ல வந்தா வந்ததுதான் ஆத்தா."

"ஒன் வாயில ஒரு மூட்டைக் காயப் போட்டு அடைச்சாலும் மணக்காது," என்றபடி அன்னக்கொடி என் பக்கம் திரும்பினார். "தம்பி, பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க. நான் யாருக்குச் சொன்னேன்?"

"மருமகளுக்கு," என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த வருத்தம் மொத்தமும் தெரிந்தது. கிலோவுக்கு நூற்றைம்பது ஏற்றிக் கொடுத்துத்தான் மூட்டையைத் தூக்கினார்.

"இனி ஒங்களக் கூட்டிட்டு லோடுக்கு வந்தா எனக்குத் திருவோடுதான்," என்றார் இறக்கத்தில். "அது எப்பிடி மாப்ளே அம்புட்டு வெரசா சொன்னீங்க? யோசிக்கவே இல்லயே."

யோசிக்கவே இல்லைதான். ஒரு மூட்டைக் காய்க்கு ஒரு நொடி ஆனது. அந்தத் துணை விமானிப் பெண்ணுக்காக ஐந்து மாதமாகியும் வாய் திறக்கவில்லை. அங்கேயே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுத்த வளைவை ஒடித்துத் திருப்பிவிட்டுக் கேட்டார்.

"இப்பச் சொன்னா வேல போயிருமா?"

"வேல இருக்கும் மச்சான். திரை முன்னாடி உக்கார விடமாட்டாங்க."

"சொல்லாட்டி?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"சொத்தைக் காயத் தெரிஞ்சே வித்துருக்கேன் மாப்ளே, பொய் சொல்லல. அந்தக் காசுலயும் சோறு எறங்கத்தான் செஞ்சுச்சு. ஆனா நெஞ்சக் கரிச்சுக்கிட்டே கெடக்கும்." கியரை மாற்றினார். "முந்தல்ல சிக்னல் கெடைக்கும்."

மலையடிவாரத்தில், முந்தலில் ஜீப்பை ஓரங்கட்டினார். விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டேன். முழுதும் கேட்டுவிட்டு, "இதை மே மாதமே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

"எழுதி அனுப்புங்கள், அறிக்கையைத் திருத்துகிறேன். ஆனால் அந்தப் பெண்ணைக் கம்பெனி போன வெள்ளிக்கிழமை வேலையை விட்டு எடுத்துவிட்டது. அதைத் திருத்த என் கையில் அதிகாரம் இல்லை."

அவளுடைய நம்பர் கிடைக்குமா என்று கேட்டேன்.

"தர முடியாது. தந்தாலும் என்ன சொல்லப்போகிறீர்கள்?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். 

மச்சான் இறங்கிப் போய்ப் பக்கத்திலிருந்த பாலத்தின் சுவரில் உட்கார்ந்துகொண்டார். நான் ஜீப்பிலேயே போனில் தட்டினேன். இரண்டு உத்தரவுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் வந்தது. துணை விமானி வித்யா உத்தரவை ஏற்றதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது. நான் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். கடைசியாக, "இது எனக்கு அப்போதே தெரியும்" என்று எழுதினேன். 'அப்போதே' என்பதை அழித்தேன். திரும்ப எழுதி, திரும்ப அழித்தேன். மூன்றாவது முறை எழுதியதும் அழிக்காமல் அனுப்பிவிட்டேன்.