பதினேழாம் சதுரத்தின் வெள்ளைத் தண்டுகள்

கோடாலியே படாத காடு அது. ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து பேர் கைகோக்க வேண்டும். காளான்களை ஆராய்வதற்காகக் கடல் தாண்டி வந்திருந்தாள் அவள். தங்க ஒரு மரக்குடில் கொடுத்தார்கள். காளான் உலர்த்தும் பெட்டியும் அதற்குள்தான் இருந்தது. அந்த வாசனை தலையணை வரை ஏறியிருந்தது. கூட வேலை பார்க்கத் தமிழ் பேசும் ஒருவன் அமைந்தது அதிர்ஷ்டம். செடிகளை ஆராய வந்தவன், ஒரு வருடம் மூத்தவன். அவள் அவனைச் 'சீனியர்' என்பாள். அவன் அவளைக் 'காளான்' என்றே கூப்பிட்டான்.

காட்டுக்குள் கயிறு கட்டி நாற்பது சதுரங்கள் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் உள்ள செடிகளை அவன் எழுத வேண்டும், காளான்களை அவள் எழுத வேண்டும்.

முதல் வாரமே அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஓர் இலையைக் காட்டி, "இது என்ன செடி, சீனியர்?" என்று கேட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பெரணிகூடத் தெரியாமலா ஃபிளைட் ஏறின?"

அதன் பிறகு அவனிடம் அவள் எதையும் கேட்கவில்லை.

பதினேழாம் சதுரத்தில், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் ஓரமாக வெள்ளைத் தண்டுகள் சில முளைத்திருந்தன. சாண் உயரம், மெழுகில் செய்ததுபோல. எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றன. உற்றுப் பார்த்தாள். தலை என்று நினைத்தது பூ மாதிரி இருந்தது. காளான் பூக்காது. 'அப்போ சீனியர் எழுதியிருப்பார்' என்று நகர்ந்துவிட்டாள்.

நான்காவது வாரம், இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியை வந்தார். சதுரங்களின் புகைப்படங்களையும் இரண்டு பட்டியல்களையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுக்கொண்டே வந்தவர், பதினேழில் நின்றார். இரண்டு பட்டியலிலும் இல்லாத வெள்ளைத் தண்டுகள் மேல் விரலை வைத்து, இது யாருடையது என்று கேட்டார்.

அவள் அவனைக் காட்டினாள். அதே நொடியில் அவன் அவளைக் காட்டினான்.

பேராசிரியை திட்டவில்லை. அதுதான் கொடுமை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாலத்தின் மேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். ஏறி, அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா மருத்துவமனையில் நர்ஸ்.

"ஒரு வார்த்தை அவன்கிட்ட கேட்டிருக்கலாம்லடி?"

"கேட்டா சிரிப்பான்க்கா."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். பல்லு அவனோடதுதானே? எங்க வார்டுல யாராவது வெட்கப்பட்டுட்டு டோஸ் கேட்காம மருந்து குடுத்தா என்ன ஆகும்?"

மறுநாள் காலை இருவரும் ஈர மண்ணில் குப்புறப் படுத்து அந்தத் தண்டுகளைப் பார்த்தார்கள். அவன் ஒரு பூவைப் பிரித்தான். உள்ளே மகரந்தம் இருந்தது. அவன் காது சிவந்துவிட்டது.

"செடிதான். என் தப்பு. பச்சையே இல்லையேன்னு உன் தலையில கட்டிட்டேன். உண்மையச் சொன்னா, இதோட பேரு எனக்குத் தெரியல. உன்கிட்ட கேட்கவும் மனசு வரல. பெரணிக்கு உன்னைக் கிண்டல் பண்ணவன் ஆச்சே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை, வஞ்சனையில்லாமல் சிரித்துத் தீர்த்தாள். பிறகு கேட்டாள்: "சீனியர், இலையே இல்லாம இது எப்படிச் சாப்பிடுது?"

இருவரும் மண்ணைப் பார்த்தார்கள்.

பேராசிரியையிடம் அனுமதி வாங்கி, ஒரே ஒரு தண்டைக் கரண்டியால் வேரோடு எடுத்தாள். நுண்ணோக்கியில் வைத்ததும் கண்ணை எடுக்க முடியவில்லை. வேரைச் சுற்றிப் போர்வைபோலக் காளானின் பூஞ்சை இழைகள். தண்டு இருந்த குழியைத் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் ஓடிய அதே இழைகள் பக்கத்து மரத்தின் வேரையும் சுற்றியிருந்தன.

"மரம் பூஞ்சைக்குச் சாப்பாடு போடுது. இது பூஞ்சைகிட்டயிருந்து உருவிக்குது."

"ஓசிச் சாப்பாடு," என்றான் அவன், மரியாதையாக.

பதில் கிடைத்துவிட்டது, ஆனால் நாற்பது சதுரங்களையும் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று, மற்ற இடங்களிலும் இதே மாதிரி விட்டிருப்பார்கள் அல்லவா? ஒன்பது நாள், அதில் ஆறு நாள் மழை. தொப்பலாக நனைந்து, முழங்கால் தேய்ந்து, யார் அதிகம் கண்டுபிடிப்பது என்று போட்டி போட்டுக்கொண்டு தேடினார்கள். பதினோரு சதுரங்களில் வெள்ளைத் தண்டுகள் இருந்தன. பதினொன்றும் ஒரே வகை மரத்தின் அடியில். அவள் எட்டைக் கண்டுபிடித்தாள். தான் மூன்று என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு ஒரு நாள் பிடித்தது.

பேராசிரியை புதிய பட்டியலைப் படித்து முடித்து, இதை இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரையாக எழுதுங்கள் என்றார். யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டை காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை நீண்டது.

"எட்டு பெருசா, மூணு பெருசா?" என்றாள் அவள்.

"செடி என் துறை."

"அதுக்குச் சோறு போடுறது என் துறை."

கடைசியில் அவள் பெயர்தான் முதலில் வந்தது. அவனே தட்டச்சு செய்தான். எழுத்துப் பிழை இல்லையே என்று இரண்டு தடவை அவளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டான்.