தோற்றவர் எழ வேண்டும்

"தாத்தா, போட்டோவுல இருக்கிற நம்ம வீட்டு ஆம்பளைங்க யாருக்குமே தலை நரைக்கலையே, ஏன்?"

பேத்தி நைலா ஒருமுறை இப்படிக் கேட்டாள். "எல்லாரும் மை பூசிக்கிட்டாங்கம்மா" என்று ஆல்வெஸ்டர் மழுப்பினார். கூட இருந்த நண்பர் லூஷஸ் சிரிக்கவில்லை. ஆல்வெஸ்டரின் அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் கல்லறைக்குச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். மூவருக்கும் புரோஸ்டேட் புற்றுநோய். வீட்டில் முதுகுவலி என்றே சொன்னார்கள்.

கிளீவ்லாந்தின் கிழக்குப் பகுதியில், எஃகு ஆலைத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் சீட்டாட்டம். தோற்ற ஜோடி எழுந்து அடுத்தவர்களுக்கு நாற்காலி விட வேண்டும். திருச்சபையின் சுகாதாரப் பணியைப் பார்க்கும் சகோதரி வெர்டெல் அந்த வழக்கத்தோடு ஒன்றைச் சேர்த்தாள்: எழுந்தவர்கள் நேரே வாசலில் நிற்கும் மருத்துவ வண்டிக்குப் போய்ப் புரோஸ்டேட் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்.

"நம்ம கறுப்பு ஆம்பளைங்களுக்குத்தான் இது அதிகமா வருது. முத்தினப்புறம்தான் சொல்றீங்க" என்றாள்.

முதலில் சம்மதித்தவர் ஆல்வெஸ்டர். ஜோடியாக ஆடும் அவரும் லூஷஸும் தோற்பதே இல்லை.

சாயங்காலம் அவள் எட்டிப் பார்த்தாள். "வண்டி கிளம்பப் போகுது. பாக்கி நீங்க ரெண்டு பேர்தான்."

"ஜெயிக்கிறவனுக்கு ஊசி கிடையாது, சிஸ்டர்" என்றார் ஆல்வெஸ்டர்.

லூஷஸ் மெல்லச் சொன்னார்: "போய்க் குடுத்துட்டு வந்துடலாமேப்பா."

"நீ போ. எங்க அண்ணனும் டாக்டர்கிட்ட போற வரைக்கும் நல்லாத்தான் இருந்தான். சீட்டைப் போடு."

வெளியே வண்டியின் இன்ஜின் உறுமியது. ஹார்ட்டின் இறங்கியது. லூஷஸ் கையில் ஹார்ட்டின் இருந்தது; இருந்தால் அதைத்தான் போட வேண்டும், வெட்டக் கூடாது. கர்த்தரே, மன்னியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு துருப்புச் சீட்டால் வெட்டினார். அடுத்த சுற்றிலேயே ஹார்ட்டினையும் கீழே வைத்தார்.

எதிர் ஜோடியில் இருந்த டர்லோ சீட்டை விரலால் அழுத்திப் பிடித்தான். "அண்ணே, இதைக் கையில வச்சுக்கிட்டா வெட்டினீங்க?"

தண்டனைப் புள்ளிகளில் ஆட்டம் போயிற்று.

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" ஆல்வெஸ்டர் சீட்டுகளை மேசையில் வீசினார். "சின்னப் பசங்க பண்ற தப்புய்யா இது."

"வயசாயிடுச்சு" என்று லூஷஸ் எழுந்தார். "வா. வாக்குக் குடுத்திருக்கோம்."

சிரிப்புக்கு நடுவே இருவரும் வண்டிக்கு நடந்தார்கள்.

பரிசோதனையில் லூஷஸுக்கு ஒன்றுமில்லை. ஆல்வெஸ்டருக்கு இருந்தது, ஆனால் பரவவில்லை. "நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்று சொல்லி மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தார். அதற்குள் கூடத்தில் லூஷஸ் கேலிப்பொருளாகியிருந்தார். அவருக்கு எதிரே ஜோடியாக உட்கார ஆளில்லை. அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் ஆல்வெஸ்டருக்கு உறைத்தது. விழுந்த சீட்டு ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருக்கும் மனிதன் கையிலிருந்த சீட்டை மறப்பானா? பார்க்க வந்த லூஷஸிடம் அவர் அதைக் கேட்கவில்லை. இருவரும் பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றிப் பேசினார்கள்.

ஆல்வெஸ்டர் கனமான எதையும் தூக்கக் கூடாது என்ற தடை டிசம்பரில் நீங்கியது. அடுத்த ஞாயிறு பனி கொட்டியது. ஆலய வாசலில் நின்று வரவேற்பது அன்று லூஷஸின் முறை என்பதால் அவர் முன்னதாகவே போயிருந்தார். தெருவில் ஆளில்லை. ஆல்வெஸ்டர் மண்வெட்டியோடு வந்து, முட்டிவலிக்காரரான நண்பரின் வீட்டுப் படிகளில் கிடந்த பனியை ஒவ்வொரு படியாகத் தள்ளினார். வழுக்காமல் இருக்க உப்புத் தூவினார். மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றுவிட்டு, ஆராதனை முடிந்து லூஷஸ் வருவதற்குள் வந்த வழியே திரும்பினார்.