விரிப்போடு சேர்த்துத் தைத்தவர்

டீ குடிக்கலாம் என்று பல் டாக்டர் எழுந்தார். நூறு வயது தாண்டிய மேசை விரிப்பும் அவரோடு எழுந்தது. இருவரும் உடனே உட்கார்ந்துவிட்டார்கள்.

நூலகத்து மாடியில் தையல் பயிலரங்கு. பழைய விரிப்பின் பூவேலையைப் பார்த்து, அவரவர் துணியில் அப்படியே போட வேண்டும். நூலையும் அதே நீலத்தில்தான் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் வேண்டுமென்று டாக்டர் தானாகவே போய் விரிப்புப் பக்கம் உட்கார்ந்தார். மேசையிலிருந்து தொங்கிய ஓரம் மடியில் கிடந்தது தெரியாமல், அதன் மேல் தன் துணியை வைத்து இரண்டையும் சேர்த்துச் சிரத்தையாகத் தைத்திருக்கிறார். துணி கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

விரிப்பு அருங்காட்சியகத்துடையது. தன் பொறுப்பில் வாங்கி வந்தவள் இந்த நூலகத்தின் நூலகர்; டாக்டரின் மனைவிக்குத் தங்கை. அதில் ஓர் இழை போனாலும் அவள் வேலை போய்விடும்.

"வலிக்காது" என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் உலர்ந்துபோனது.

பக்கத்திலிருந்த தபால்கார அம்மா எட்டிப் பார்த்தார். போன வருஷம் இவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்.

"என்ன டாக்டர், ஒட்டிக்கிச்சா?"

"மெதுவாப் பேசுங்க. கத்தரி இருக்கா?"

"இருக்கு. எதை வெட்டுவீங்க? எல்லாம் ஒரே நீலமா இல்ல இருக்கு."

நீட்டிய கையை டாக்டர் இழுத்துக்கொண்டார்.

அறையின் மறுகோடியில், பயிலரங்கை நடத்த வந்த துணி நிபுணர் பேசிக்கொண்டிருந்தார். "முன்பக்கம் பாராட்டுக்கு. பின்பக்கம்தான் நிஜம். அந்த விரிப்பைத் தைச்சவங்க முடிச்சே போடல. நூல் வாலைத் தையலுக்கு அடியிலயே ஓட்டி மறைச்சுட்டாங்க. வாங்க, திருப்பிக் காட்டறேன்."

டாக்டர் முடிச்சுப் போட்டிருந்தார். வஞ்சனையில்லாமல் போட்டிருந்தார்.

கூட்டம் மேசையை நோக்கி வந்தது. முன்னால் நூலகர்.

"மாமா, கொஞ்சம் எழுந்திருங்க, திருப்பணும்."

"முடியாதும்மா."

"ஏன், கால் மரத்துப்போச்சா?"

"காலா இருந்தாத் தேவலையே. விரிப்போட சேர்த்துத் தைச்சுட்டேன்."

அவள் திட்டவில்லை. கிடைத்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் டாக்டருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நிபுணர் மண்டியிட்டு ஓரத்தைத் திருப்பினார். எறும்பு மொய்த்ததுபோல் முடிச்சுகள்.

"இதெல்லாம் உங்களோடதா?"

"ஆமாங்க."

நிபுணர் ஒவ்வொன்றாக வெட்டி, நூலை இடுக்கியால் இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் டாக்டர் பல்லைக் கடித்தார். கடைசியில் அவர் துணி தனியாகக் கையோடு வந்தது. விரிப்பின் பின்னால் இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. கத்தரி அதை நோக்கிப் போனது.

டாக்டர் பாய்ந்து நிபுணரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது என்னோடது இல்ல. என் துணிதான் கழண்டு வந்துடுச்சே. அது விரிப்பைத் தைச்சவங்க போட்டது."

"அவங்க முடிச்சே போடலையே."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்," என்றார் தபால்கார அம்மா. "என் வாயிலயும் இதுதான் இதுதான்னு சொல்லித்தான் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினீங்க."

டாக்டர் பிடியை விடவில்லை. நிபுணர் மறுகையால் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். முடிச்சு வெளுத்து, துணியோடு துணியாக அமுங்கிக் கிடந்தது. கத்தரியைக் கீழே வைத்தார்.

நூலகர் எழுந்து வந்து மாமாவின் ஊசியைப் பறித்துக்கொண்டாள்.

"டீ ஆறிப்போச்சு. போய்க் குடிங்க. வந்து வேற மேசையில உட்காருங்க."

டாக்டர் எழுந்தார். இரண்டடி வைத்ததும் நின்று, கூட ஏதாவது வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார்.