மூன்றாம் மேசைக்கு வந்த முதுகுவலி

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஒரு தையல்காரரின் முதுகுவலி தொலைபேசி வழியாக வந்து, காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மேசையில் இருந்தவளின் இடுப்புக்கு மேலே உட்கார்ந்துகொண்டது. சிகிச்சைச் செலவு கேட்டவர்களை அழைத்து, விண்ணப்பம் நிபந்தனைக்குள் வரவில்லை என்று சொல்வது அவள் வேலை. பல வருடங்களாகச் சொல்லி வந்தாள். அன்று சொல்லி முடித்ததும், மறுமுனையில் தையல்காரர் குனிந்து ஊசியை எடுக்க முடிகிறதே என்று வியந்தார். இவளால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மாலைக்குள் ஒரு தபால்காரரின் முழங்காலும் வந்து சேர்ந்தது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்கான அவள் கணவன், அவளுடைய முதுகில் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டு, ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்றான்.

மேற்பார்வையாளர் ஓர் அழைப்பைத் தவறுதலாக எல்லா மேசைகளுக்கும் இணைத்தபோதுதான் வழி தெரிந்தது. ஒரு கொத்தனாரின் உடைந்த விலா எலும்பு ஒன்பது பேருக்கும் பிரிந்து, ஆளுக்கு ஒரு விக்கல் அளவே வந்து கரைந்தது. அதன்பின் மறுப்புச் சொல்லும்போதெல்லாம் ஒன்பது பேரும் சேர்ந்தே காது கொடுத்தார்கள்.

ரொட்டிக் கடையில் வேலை பார்த்த அவள் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. அக்கா ஒரு தவணை தவறாமல் அதே நிறுவனத்துக்குத்தான் கட்டியிருந்தாள். பாலிசி எடுக்கும் முன்பே நோய் தொடங்கியிருக்கலாம் என்று மேலிடம் கருதியது. அதைத் தெரிவிக்கும் பொறுப்பு மூன்றாம் மேசைக்கு வந்தது. அக்காவின் எண்ணை அழுத்திவிட்டு, கோப்பை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி. உன் வேலைதானே" என்றாள் அக்கா.

மற்ற எட்டு மேசைகளையும் இணைத்துவிட்டுச் சொன்னாள். ஒன்பது பேருக்கும் கால் வீங்கியது. இருவர் மயங்கினர். அக்கா ஒரே ஒரு மாலை எழுந்து நடந்தாள், இரவுக்குள் நோய் திரும்பிவிட்டது. வாடிக்கையாளரின் உடைமையை அனுமதியின்றி எடுத்து வைத்திருந்ததாகச் சொல்லி நிறுவனம் தங்கையை வேலையிலிருந்து நீக்கியது.

தெருவைக் கேட்டாள். எல்லா வீட்டிலும் தொலைபேசியை எடுத்தார்கள், அக்காவுக்கு ஒரு வாரம் கிடைத்தது. ஊரைக் கேட்டாள், ஒரு கோடைக்காலம் கிடைத்தது. ஆனால் ஊரிலும் நோயாளிகள் இருந்தார்கள், அவர்கள் பாரமும் அதே தோள்களில்தான் இறங்கியது. மாநிலம் மொத்தமும் ஒரே இணைப்பில் வந்தாலொழிய அக்கா தேறமாட்டாள் என்பது அவளுக்கு விளங்கியது. கணவன், பணிமனை கழித்துப்போட்ட பேருந்து ஒன்றைப் பழுதுபார்த்து எடுத்துவந்தான். இரண்டு வருடம் மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். கம்பெனிக்குக் கட்டுவதை நமக்கு நாமே கட்டிக்கொள்ளலாம், முடியாது என்று சொல்ல நடுவில் ஒரு மேசை இருக்காது என்று சந்தைகளில் பேசினாள். அந்த மேசையில் தானே இருந்ததையும் மறைக்கவில்லை. முன்பின் தெரியாதவன் நோயை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டவர்களிடம், உங்களுடையதை அவன் சுமப்பான் என்றாள். சிலர் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் பேருந்து விலைக்கு வருமா என்று விசாரித்தார்கள்.

சட்டசபைக் குழுவின் முன் அவளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அதற்குள் அக்கா படுக்கையோடு படுக்கையாகியிருந்தாள். குழுத் தலைவர் வாட்டசாட்டமான மனிதர். பிறந்ததிலிருந்து ஒரு தும்மல்கூட வந்ததில்லை, எனக்கெதற்கு இது என்று கேட்டார்.

"அப்போ உங்க பங்கு அப்படியே புதுசா இருக்கு சார்" என்று சொல்லி, அக்கா இணைப்பில் இருந்த தொலைபேசியை நீட்டினாள்.

தலைவர் வாங்கிக் காதில் வைத்தார். சற்று நேரத்தில் குனிந்து ஷூ கயிற்றைத் தளர்த்தினார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு தொலைபேசியை அடுத்த உறுப்பினரிடம் கொடுத்தார். குழுவில் எல்லாரும் கயிற்றைத் தளர்த்திய பிறகு மசோதா சபைக்குப் போய், சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. மாநிலமே எல்லாருடைய நோயையும் பொதுவில் ஏற்கும், சிகிச்சைக்கு எந்த மருத்துவமனையும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று அதில் இருந்தது.

சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று காலை ஏழு மணிக்கு மாநிலத்தின் எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாக மணியடித்தன. எடுத்தவர்களுக்கெல்லாம் செருப்பு லேசாக இறுக்குவதுபோல் இருந்தது. நிறையப் பேர் செருப்புக் கடைக்காரர்களைத் திட்டினார்கள். அக்கா எழுந்து, பசிக்கிறது என்றாள். அடுத்த மாதம் ரொட்டிக் கடைக்குத் திரும்பினாள்.

அரசு எடுத்துக்கொண்ட பழைய அலுவலகத்தில் இப்போது, திரும்பி வந்த அவளையும் சேர்த்து, அந்த ஒன்பது பேரும் காலை இணைப்பைப் போடுகிறார்கள். மணி அடிக்கும், ஜனங்கள் எடுப்பார்கள், எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்று இருக்கும், வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போவார்கள். மழைக்குக் குடை எடுப்பதுபோல் அது பழகிவிட்டது. விடுமுறை நாளொன்றில் தங்கை வீட்டுக்கு வந்திருந்த அக்கா, தொலைபேசியை வைத்துவிட்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். தங்கையும் இடது தோளைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கே" என்றாள் அக்கா. "பாவம், யாருடி அது?"