அத்தானுக்குப் போடாத தாள்

அந்த மாலை வகுப்பில் ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. மனித உருவம் வரையப் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் டீச்சர் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

"இங்க யாரும் யாரோட படத்தையும் 'நல்லா இருக்கு'ன்னு சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னா பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம். பேச்சை முடிக்கவா இவ்வளவு படி ஏறி வந்தீங்க?"

வகுப்பு நடந்தது ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில். ரப்பர் வாடை, ஆடுகிற முக்காலிகள், நடுவில் ஒரு மேஜை. சைக்கிள் கடைக்காரர்தான் அந்த மேஜைமேல் ஏறி நிற்கிற மாடல். அசையாமல் நிற்பதில் மன்னன். கீழே வாடிக்கையாளர் மணி அடித்தால் மட்டும் கண்ணை உருட்டுவார்.

டீச்சர் திருத்துகிற விதமே தனி. பிறர் தாளில் கை வைக்கமாட்டாள். அதன் மேல் ஒரு ட்ரேசிங் பேப்பரை விரித்து, சிவப்புப் பென்சிலால் அதில்தான் போடுவாள். முதலில் எது சரியாக வந்திருக்கிறது என்று இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். அப்புறம் ஒரே ஒரு தப்பு. படம் முழுக்கத் தப்பாக இருந்தாலும் அன்றைக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் கொட்டினால் அடுத்த வாரம் ஆள் வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். கடைசியில் அடுத்த படத்துக்கு ஒரு சின்ன வேலை.

"எடை இந்தக் கால்லதான்னு பார்த்ததும் தெரியுது. அது சரியா வந்திருக்கு," என்பாள், படிக்க வருகிற ஒரு நர்ஸிடம். "ஆனா இடுப்பு இந்தப் பக்கம் சாஞ்சா தோள் அந்தப் பக்கம் சாயணும். நீங்க ரெண்டையும் ஒரே பக்கம் சாச்சுட்டீங்க, மனுஷன் விழப்போறார். அடுத்த தடவை மூஞ்சிக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு கோட்டை மட்டும் போடுங்க."

நர்ஸ் அந்த மெல்லிய தாளைத் தன் படத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்வாள். எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வாரம் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தான் வந்து நின்றார். டீச்சருடைய அக்காவின் கணவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கையில் புது பென்சில் டப்பா, வாயெல்லாம் பல்.

"வீட்ல சும்மா உக்காந்து உங்கக்கா உயிரை வாங்கறேனாம். அதான் வந்துட்டேன். மச்சினிச்சி கிளாஸ் இருக்கப்போ வேற எங்க போறது?"

டீச்சர் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

பள்ளிப்படிப்பு முடித்த வருடம் அவளுக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அப்போது அத்தான் புது மாப்பிள்ளை. அப்பா அவரைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு மதியம், அத்தான் அவள் படங்களை எடுத்துவந்து கூடத்தில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். "இது யாரு, என் பொண்டாட்டியா? பூசணிக்காய்க்குக் கை கால் முளைச்சிருக்கு!" என்றார். கூடமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்த அந்த நொடியில் கல்லூரி போயிற்று. அதற்குப் பிறகு பல வருடங்கள் ஓர் அலுவலகத்தில் யார் யாருக்கோ தட்டச்சு அடித்துக்கொண்டு, மாலையில் அங்கும் இங்கும் போய், பிச்சுப் பிச்சுக் கற்றுக்கொண்ட வித்தை இது. அந்த மதியத்தை அத்தான் அன்றைக்கே மறந்திருப்பார். அவள் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டாள்.

"வாங்க அத்தான், உக்காருங்க," என்றாள்.

அவர் வரைந்தார். தலை உடம்பில் பாதி. கழுத்து கிடையாது. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால்; கை வரையப் பயந்தவர்கள் எல்லோரும் ஒளித்துவைக்கிற அதே இடத்தில். சைக்கிள் கடைக்காரரின் கைகள் என்னவோ இடுப்பில் இருந்தன. அவள் ட்ரேசிங் பேப்பரை எடுக்கப் போனாள். பழக்கம். பாதி வழியில் கை நின்றது.

குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "நல்லா இருக்கு அத்தான்," என்றாள்.

சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு வருடம் தேடிய ஆயுதம் இத்தனை லேசாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கடைசி வகுப்பு எப்போதும் சுவர் நாள். ஒவ்வொருவரும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வரைந்ததையெல்லாம் வரிசையாகச் சுவரில் குத்துவார்கள். வீட்டார் வந்து பார்ப்பார்கள். அத்தான் வந்தால் சும்மா வரமாட்டார், ஊரையே கூட்டிக்கொண்டு வருவார். வரட்டும். மற்றவர்களின் வரிசையில் மனிதர்கள் மெல்ல மெல்ல எழுந்து நிற்பார்கள். இவர் வரிசையில் பூசணிக்காய் பூசணிக்காயாகவே இருக்கும். கூடம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அதன்பின் வாராவாரம் அதே வார்த்தை. நர்ஸுக்குத் தோள், பேருந்து ஓட்டுநருக்குக் கை. "உங்க உள்ளங்கையை மூஞ்சில வச்சுப் பாருங்க. தாடையிலிருந்து நெத்தி வரைக்கும் வருதா? கை அவ்வளவு பெருசு. பயப்படாம போடுங்க." அத்தானிடம் வந்தால் புன்னகை. "நல்லா இருக்கு." அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்குத் திருத்தறதுக்கே ஒண்ணும் இல்லையாம்," என்று போனில் ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை நர்ஸ் காதில் அந்த வார்த்தை விழுந்துவிட்டது. அவள் பென்சிலை நிறுத்தி டீச்சரை ஒரு மாதிரி பார்த்தாள். டீச்சர் பார்க்காததுபோல ஜன்னலைத் திறக்கப் போனாள்.

சுவர் நாளும் வந்தது. நினைத்தபடியே அத்தான் அக்காவை, மகனை, மருமகளை, பேத்தியை, பழைய அலுவலக நண்பர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. டீச்சர் மூலையில் நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

பேத்திதான் ஆரம்பித்தாள். "தாத்தா, இந்த மாமாவுக்குக் கையே இல்லையா?"

ஒரு நண்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் மகன். அப்புறம் எல்லோரும். "தலையைப் பாருய்யா, ஹெல்மெட்டோட பொறந்தவன் மாதிரி!" அத்தானும் சேர்ந்துதான் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. பக்கத்து வரிசையைப் பார்த்தார், தன் வரிசையைப் பார்த்தார், சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே நின்றது.

இதோ. இதுதான். இதைப் பார்க்கத்தான் இத்தனை வருடமும் கறுவிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு கூத்தே நடந்தது.

அப்போது அக்காவின் குரல் கேட்டது.

"ஏண்டி, எல்லாரோட படத்து மேலயும் ஒரு மெல்லிசுத் தாள் தொங்குதே, அது என்ன?"

நர்ஸ் பதில் சொன்னாள். "அது டீச்சர் போட்டுக் குடுக்கற திருத்தம்மா. தூக்கிப் பாருங்க, எங்க தப்பு, எப்படி மாத்தணும்னு சிவப்புல இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒண்ணு."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. சுவர் முழுக்க மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடத்தன. நர்ஸின் வரிசையில், ஓட்டுநரின் வரிசையில், ஒன்றுவிடாமல் எல்லா வரிசையிலும். தாளோடு சேர்த்துத்தான் குத்தவேண்டும் என்பது அவளே வைத்த வழக்கம். பழி வாங்குகிற வேகத்தில் சொந்த வழக்கமே மறந்துபோயிருந்தது. அத்தானின் வரிசை மட்டும் மொட்டையாக இருந்தது. கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் இதுதான்.

"இவருக்கு ஏன் ஒண்ணுகூட இல்ல?" என்றாள் அக்கா.

"எனக்குத் திருத்த ஒண்ணும் இல்லைன்னு சொன்னா," என்றார் அத்தான். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர் செருப்பைப் பார்த்தார். அக்கா தங்கையின் பக்கத்தில் வந்து நின்றாள். அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு அது தெரிந்துவிட்டது.

"அன்னிக்குக் கூடத்துல நடந்ததுக்கா?"

"ஆமா."

"என்னைத்தானேடி வரைஞ்சிருந்த. நானும்தான் சிரிச்சேன். என்னை என்ன பண்ணப்போற?"

அக்கா மேஜையிலிருந்த ட்ரேசிங் பேப்பரையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்து அவள் கையில் திணித்தாள். "போடு. அவருக்கு எப்பவோ சேரவேண்டியது. என் கண்ணு முன்னாடி போடு."

அவள் கடைசிப் படத்தின் மேல் தாளை வைத்தாள். தலையைச் சின்னதாக்கினாள், கழுத்தைக் கொடுத்தாள், முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கைகளை வெளியே இழுத்து இடுப்பில் வைத்தாள். அத்தான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் நடந்தது என்ன என்று அவர் யாரையும் கேட்கவில்லை. ஞாபகம் வந்துவிட்டதா, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாரா, அவளுக்குத் தெரியவில்லை.

"அப்போ நீ நல்லா இருக்குன்னு சொன்னது?"

"பொய் அத்தான்."

"எல்லாமேவா?"

அவள் முதல் தடவையாக அவர் வரிசையை ஒழுங்காகப் பார்த்தாள். வாராவாரம் குனிந்தாளே தவிர, பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு படம். அதில் தோள் ஒரு பக்கமும் இடுப்பு மறுபக்கமுமாகச் சாய்ந்து, எடை வலது காலில் வந்து அழகாக உட்கார்ந்திருந்தது. நர்ஸுக்கு அவள் சொன்னதை இவர் பக்கத்திலிருந்து கேட்டுத் தானாகவே போட்டிருக்கிறார். அடுத்த படத்தில் அது இல்லை. யாரும் தொட்டுக் காட்டாததால், கிடைத்தது இன்னதென்று தெரியாமலே தொலைத்திருக்கிறார்.

"இல்ல அத்தான்," அவள் அந்தத் தோளைத் தொட்டுக் காட்டினாள். "இங்க பாருங்க. இந்தத் தோள். நிஜமாவே சரியா வந்திருக்கு."

அத்தான் அந்தப் படத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"பரவாயில்ல, விடும்மா," என்றார். "எனக்காகச் சொல்லாத."

"சத்தியமா அத்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் படங்களைச் சுருட்டினார். அந்தத் தோளும் உள்ளே சுருண்டு போயிற்று. அவள் எத்தனை தடவை சொல்லியும் அவர் நம்பவில்லை.