கூப்பிடு ரூம்

குழந்தை திரும்பவில்லை. அண்ணன் கைதட்டினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தவள் அந்தக் கைதட்டலைக் கேட்டதும் அவரைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். அந்தப் பக்கம், குட்டி நாற்காலியில், இரண்டு வயதுகூட நிறையாத ஒரு பையன் வாயைப் பிளந்துகொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த பிஸ்கட் எச்சிலில் ஊறிக் கூழாகி முழங்கைவரை வழிந்திருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் அவனைப் பெற்றவள். "தங்கம்... டேய் தங்கம்... அம்மா பாருடா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், கடைசியில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கண்ணாடியைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தாள். "வீட்ல இப்படி இல்லைங்க. கூப்பிட்டா ஓடி வந்துடுவான்" என்றாள், யாரும் கேட்காமலே. அந்த ரூமுக்கு வருகிற எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். சொன்னதும் டீச்சர் அவர்கள் கையில் ஒரு பஞ்சு பொம்மையைக் கொடுத்து அனுப்பிவைப்பாள். டீச்சர் உண்மையிலேயே டீச்சராக இருந்தவள். மழலைப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவளை அண்ணன் இங்கே கூட்டிவந்து பொத்தான் அமுக்க உட்கார வைத்திருந்தார்.

அண்ணன் என்றால் கம்பெனியின் முதலாளி. சார் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். அந்தக் குடும்பத்தின் தொழில், நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ செய்து இணையத்தில் விடுவது. மஞ்சள் வாத்து கை கழுவும், பல் தேய்க்கும், பஸ்ஸில் ஏறும். கதை என்று ஒரு மண்ணும் கிடையாது. கோடிக்கணக்கான பிள்ளைகள் பார்த்தார்கள். எத்தனை கோடி என்று வாசலில் ஒரு பலகை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பலகையைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும்.

வெளியே விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீடியோவும் கூப்பிடு ரூமுக்குப் போகும். ஆபீசில் எல்லோரும் அதை அப்படித்தான் சொன்னார்கள். குழந்தையை டிவி முன்னால் உட்கார வைப்பார்கள். பின்னால் அம்மா. சுவரில் பச்சை விளக்கு எரிந்தால் அம்மா கூப்பிட வேண்டும். குழந்தை திரும்பினால் டீச்சர் பொத்தானை அமுக்குவாள். வீடியோவின் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு விழும். அதற்குப் பெயர் ஓட்டை. பெற்ற தாய் கூப்பிட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டால் அது ஓட்டை. அதை அடைக்க வேண்டும்.

அடைப்பது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த இவள் வேலை. கத்திரி என்று பட்டப்பெயர். அவள் கை வேகத்தைப் பார்த்து யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. எந்த இடத்தில் பிள்ளையின் கண் அலுக்கும், எந்த இடத்தில் ஒரு பந்தை விழவைத்தால் அது மறுபடி சொக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒரு காட்சி ஒரு மூச்சுக்கு மேல் நிற்கக்கூடாது. நின்றால் பிள்ளை யோசிக்க ஆரம்பித்துவிடும், யோசித்தால் அம்மா ஞாபகம் வந்துவிடும். வெட்டு, பந்து, சிரிப்பு, வெட்டு. அந்தச் சிரிப்பும் எப்போதோ ஒரே ஒரு குழந்தையைக் கிச்சுகிச்சு மூட்டிப் பதிவு செய்ததுதான், அதையே பத்தாக்கி நூறாக்கி எல்லாவற்றிலும் தெளித்திருந்தார்கள். கேட்கும்போதெல்லாம் யாரோ ஈரக்கையால் பிடரியைத் தடவுகிற மாதிரி அவளுக்கு உடம்பு கூசும். ஆனாலும் ஓட்டை அடைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. செய்கிற வேலையைக் கண்டு குமட்டுகிறவர்கள் அதை மோசமாகச் செய்வார்கள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ஆபீஸ் என்றால் என்னவென்று தெரியாது.

வீட்டுக்குப் போனதும் நேராகக் குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மகளைத் தூக்குவாள். டிவி வாங்கவில்லை. போன் அலமாரி உச்சியில். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் புருஷன்கூட செய்தி பார்க்க வேண்டுமென்றால் வாசலுக்குப் போய்விட வேண்டும். சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, அழும்போது, எதற்கும் அதைக் கண்ணில் காட்டியதில்லை. அதனால்தான் கூப்பிடு ரூமில் உட்காரும் அம்மாக்களைப் பார்த்தால் அவளுக்கு இளக்காரம். உனக்குக் கூப்பிடவே தெரியவில்லையே, ஒழுங்காக வளர்த்திருந்தால் திரும்பாமல் போகுமா என்று மனசுக்குள் திட்டுவாள். திட்டிவிட்டு, அந்தப் பிள்ளை எங்கே கொஞ்சம் கண்ணை அசைத்தது என்று பார்த்துத் தன் இடத்துக்கு வந்து அடைப்பாள்.

அண்ணனுக்குக் கொஞ்ச நாளாக ஒரு கவலை. வருகிற பிள்ளைகளெல்லாம் பிறந்ததிலிருந்து இதையே பார்த்து ஊறிப்போனவை. எதைப் போட்டாலும் திரும்புவதில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. "புதுக் கண்ணு வேணும், நம்ம வாத்தையே பாக்காத பிள்ளை" என்றார் கூட்டத்தில். "ஊர் முழுக்கத் தேடியாச்சு. ஒண்ணுகூடக் கிடைக்கல. சரி, நம்ம ஆளுங்கள்ல சொல்லுங்க. யார் வீட்ல குழந்தை நம்ம வீடியோ பாக்குது? கையைத் தூக்குங்க, மிச்சம் யாருன்னு பாப்போம்."

ஒரு கையும் எழவில்லை. படம் வரைகிறவன் ஜன்னலைப் பார்த்தான். பாட்டு எழுதுகிற பெண்மணி செருப்பைப் பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற கணக்குப் பிள்ளை இருமினார். எல்லார் வீட்டிலும் அதே கதைதான் போலிருக்கிறது, எல்லார் வீட்டு அலமாரி உச்சியிலும் ஒரு போன். இத்தனை வருஷமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் மூடி வைத்திருந்தது ஒரு நொடியில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று கத்திரி நினைத்தாள். கோபித்திருந்தால்கூட அந்த மனிதர்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். அவர் முகமோ அப்படியே மலர்ந்தது.

"அட, இத்தனை புதுக் கண்ணா!" என்றார். "வெளியில போய்த் தேடிட்டு இருந்தேனே!"

அவரே தொடர்ந்தார். "பயப்படாதீங்கப்பா. அஞ்சே நிமிஷம். என்ன ஆகிடப்போகுது? அம்மா குரல்ங்கிறது என்ன, ஒரு சத்தம். அதைவிட நல்ல சத்தம் நம்மகிட்ட இருக்கு. அவ்வளவுதான்."

"என் பொண்ணு திரும்பிடுவா அண்ணா."

சொன்ன பிறகுதான் கத்திரிக்குத் தான் பேசிவிட்டது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு வீம்பு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. திரும்பத்தான் போகிறாள். இந்த ஆள் முகத்தில் கரியைப் பூசப் போகிறாள். இந்தக் கண்றாவியை என் மகள் ஜெயிப்பாள், நான் இத்தனை நாள் கை கழுவியதற்கு அர்த்தம் இருக்கும்.

"கூட்டிட்டு வா" என்றார் அண்ணன் சிரித்துக்கொண்டே. "உன் கையால வெட்டின புதுசையே போட்டுப் பாப்போம்."

புருஷனுக்குப் பிடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே, "விளையாட்டுக்குக்கூட வேணாம்" என்றான்.

"ஒரே ஒரு தடவைதானே. அந்த ஆளு என்ன பேச்சு பேசுறாரு தெரியுமா? அம்மா ஒரு சத்தமாம்."

"பேசிட்டுப் போறாரு. உனக்கென்ன?"

"திரும்பிடுவா. எனக்குத் தெரியும்."

"திரும்பலைன்னா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுப்படிக்குப் போனாள். கூடத்தில் மகள் துணி மாட்டும் கிளிப்புகளைத் தன் கவுன் ஓரமாக ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தாள். "குட்டி" என்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். மகள் சட்டென்று திரும்பி, "என்னா?" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. "ஒண்ணுமில்லடா." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "குட்டி." திரும்பினாள். குரலைத் தணித்து, "குட்டி." அதற்கும் திரும்பினாள். பாத்திரத்தை உருட்டிச் சத்தம் போட்டுவிட்டு, அதற்கு நடுவில் கூப்பிட்டாள். மகள் எழுந்து அவளிடமே வந்துவிட்டாள், கவுனில் கிளிப்புகள் ஆட.

"போதும் விடு" என்றான் புருஷன் வாசற்படியிலிருந்து. "இங்கயே ஆரம்பிச்சிட்டியா அந்த வேலைய?"

மறுநாள் அவனும் லீவு போட்டுவிட்டு வந்தான். உள்ளே வரமாட்டேன் என்று வாசலில், அந்தப் பலகைக்குக் கீழே, அதற்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்துகொண்டான். கண்ணாடிக்குப் பின்னால் ஆபீசே கூடியிருந்தது. சொந்தப் பிள்ளைகளை ஒளித்து வைத்திருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தப்பித்தோம் என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ரூமுக்குள் புளித்த பால் வாடை, அதன்மேல் அடித்த வாசனைத் தண்ணீர் வாடை. எத்தனை பிள்ளைகளின் எச்சில் காய்ந்த நாற்காலியோ, அதில் மகளை உட்கார வைக்கும்போது அவளுக்குக் கை கூசியது. உட்கார வைத்தாள்.

டிவி விழித்துக்கொண்டது. மகள் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. அவ்வளவுதான், அதற்கப்புறம் அசைவில்லை. முக்காலியில் இருந்து பார்த்தால் பின்னந்தலையும், காலையில் போட்டுவிட்ட இரட்டைக் குடுமியும், ஒரு காதும்தான் தெரிந்தன. படம் மாற மாற அந்தக் காதின் மேல் மஞ்சளும் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடித்தன. அடுத்த வெட்டு எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது. அடுத்த பந்து எங்கே விழும் என்று தெரியும். விழுந்தது. தன் கையே நீண்டு மகளின் மோவாயைப் பிடித்து இழுத்து வைத்திருப்பதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

"குட்டி."

காது காதாகவே இருந்தது.

"குட்டி, அம்மாடா. இங்க பாரு."

குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. உதட்டில் என்னவோ இழுத்தது. என்னவென்று பார்த்தால், சிரிப்பு. அந்த அம்மாக்களெல்லாம் சிரிப்பார்களே, அதே அசட்டுச் சிரிப்பு. அறைந்து கீழே தள்ளலாம் போலிருந்தது அதை.

விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. அப்போது டிவியில் மழை பெய்தது. வாத்து ஓர் இலைக்கடியில் ஒதுங்கிச் சும்மா நின்றுகொண்டிருந்தது. பாட்டு இல்லை, பந்து இல்லை. படம் வரைகிறவன் ஏதோ ஒரு நல்ல நேரத்தில் வரைந்திருந்தான். வெட்டும்போது இவளுக்கும் மனசு வராமல், கொஞ்ச நேரம் நிற்கட்டுமே என்று விட்டிருந்தாள். "குட்டிம்மா" என்றாள். கெஞ்சல்தான், வெட்கமே இல்லாத கெஞ்சல். குடுமி அசைந்தது. காது நகர்ந்து கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு மேல் இமை முடி தெரிந்தது. அவள் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் தடதடவென்று பந்துகள் கொட்டின, நூறு பிள்ளைகள் சிரித்தார்கள், கன்னம் வந்த வழியே போய்விட்டது.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மகள் இடது கையைப் பின்பக்கமாகத் தூக்கி வீசினாள். ஈயை ஓட்டுவோமே, அப்படி.

கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. கத்திரி மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "வீட்ல இப்படி..." என்று டீச்சரிடம் தொடங்கிவிட்டு, பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் பஞ்சு பொம்மையை நீட்டினாள். மகள் அதைத் தட்டிவிட்டாள். "வாத்து, வாத்து" என்று விறைத்துக்கொண்டு, அம்மாவின் மார்பில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளி, ரூம் பக்கமாகப் பாய்ந்தாள். இதுவரை அவர்கள் வீட்டில் கேட்காத அழுகை அது. புருஷன் எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். அழுகை படியிறங்கித் தெருவில் போய்த் தேய்ந்தது.

"உன் பொண்ணு சமர்த்து" என்றார் அண்ணன், மனசார. "இத்தனை பிள்ளைங்க காட்டாத ஓட்டையைக் காட்டிக் குடுத்துட்டா பாரு. அந்த மழை. அது ஒண்ணுதான் பாக்கி. அடைச்சிட்டுக் குடு, இன்னைக்கே விட்டுடலாம்."

நீங்களே அடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொம்மையை எடுத்து அவர் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். அவள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவு கேவலமாக அவளுக்கு அவளே என்றைக்கும் தெரிந்ததில்லை. அவள் அடைக்காவிட்டால் பக்கத்து மேசைப் பையன் அடைப்பான், இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது. அடைத்துவிட்டால் எந்த ஊரில் எந்த அம்மா கூப்பிட்டாலும் அந்த இடத்தில் ஒரு கழுத்தும் திரும்பாது.

மேசையில் இரண்டு திரைகள். இடது பக்கம் வீடியோ. வலது பக்கம், கூப்பிடு ரூமில் பிள்ளையின் முகத்துக்கு நேரே வைத்திருக்கும் கேமரா பிடித்தது. இரண்டும் சேர்ந்தே ஓடும். மழை வரும் இடத்துக்குக் கொண்டுபோய், ஓடவிட்டு, நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓடவிட்டாள். பின்னாலிருந்து அவள் பார்க்காததெல்லாம் இதில் தெரிந்தது. கூப்பிட்ட குரல் காதில் விழுந்ததும் மகளின் புருவம் ஏறுகிறது. பிளந்திருந்த வாய் மூடி, உதடு ஒட்டுகிறது.

"முடிஞ்சுதா கத்திரி?" என்று அண்ணன் கதவருகிலிருந்து கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

வீடியோவை ஒரே ஒரு படம் அளவுக்கு முன்னால் தள்ளினாள், இன்னும் ஒரு படம், பந்துகள் கொட்டுவதற்குச் சரியாக ஒரு படம் முன்னால் நிறுத்தினாள். இடது திரையில் வாத்து மழைக்கு ஒதுங்கி நின்றது. வலது திரையில் மகளின் முகம் பாதி திரும்பியிருந்தது. கருவிழி கண்ணின் ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தது, இன்னும் ஒரு மயிரிழை நகர்ந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்துவிடும். ஒட்டிய உதடுகள் 'ம்' என்று சொல்லத் தயாராக இருந்தன.