உப்புப் பார்க்கிற நாக்கு

பிச்சைமணிக்குச் சாமி கிடையாது. மின்வாரியத்தில் லைன்மேனாக முப்பது வருஷம் கம்பம் ஏறியவர், ஆயுதபூஜைப் பொரியைக்கூடக் கும்பிடாமல்தான் தின்றார். ஆனால் ரமலான் பிறந்துவிட்டால் மனுஷனைப் பிடிக்க முடியாது. மதியம் மூன்று மணிக்கெல்லாம் மேலகரம் பள்ளிவாசல் பின்கட்டுக்குச் சைக்கிள் பறக்கும். அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற மசூது அவருடன் படித்தவர். நோன்பு பிடித்தவர் கஞ்சியை நாக்கில் வைக்க முடியுமா? உப்புப் பார்க்க நோன்பில்லாத நாக்கு ஒன்று வேண்டுமே! பதினாலு வருஷமாக அது பிச்சைமணியின் நாக்கு.

“கோயில் வாசலை மிதிக்க மாட்டீரு, பள்ளிவாசலுக்கு மட்டும் இந்த ஓட்டம் ஓடுதீரு” என்பாள் மனைவி முப்பிடாதியம்மாள்.

“அங்கன ஐந்நூறு பேரு பசியோட இருக்காவ. நான் ஒரு வாய் குடிச்சுச் சரின்னாத்தான் அவுகளுக்குக் கஞ்சி. இதைவிட எனக்கு என்னட்டி வேணும்?” என்பார். உண்மையும் அதுதான். வருஷத்தில் அந்த ஒரு மாதம் அவர் ராஜா.

இந்த வருஷம், குற்றாலத்து அருவி வெறும் பாறையாகக் கிடக்கிற மாசி வெயிலில், ரமலானுக்கு முந்தின வாரம் பார்த்து ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது நாக்கையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. புளி, காரம், உப்பு ஒன்றும் தெரியவில்லை. சொன்னால் வேறு ஆள் போட்டுவிடுவார்களே! அந்தப் பயத்தில் முதல் நாள் ஒரு கரண்டி குடித்துவிட்டு, “பேஷா இருக்குலே” என்று அடித்துவிட்டார். சாயங்காலம் வாசலோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ரெண்டாம் தடவை வேறு கேட்டு வாங்கினார்கள். இப்படியே ஒன்பது நாள் ஓடியது.

தினமும் சரி என்றால் சந்தேகம் வருமே என்று, பத்தாம் நாள், “இன்னும் ரெண்டு கை போடுலே” என்றார். மசூது உப்பு ஜாடிக்குள் கையை விட்டார். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் படாத தொண்டையில் இந்த உப்பா இறங்கும்?

“போடாதலே!” என்று பாய்ந்து கையைப் பிடித்தார். “எனக்கு நாக்கு செத்துப் போச்சுலே மசூது. இத்தனை நாளும் பொய்தான் சொன்னேன். வேற ஆளப் பாரு.” கண் நிறைந்துவிட்டது.

மசூது சிரித்த சிரிப்பில் வேம்பில் இருந்த காக்கையெல்லாம் பறந்தன. “இப்பச் சும்மாதான் கைய விட்டேன். மொத நாளே எனக்குத் தெரியும்லே. அன்னைக்கு நான் உப்பே போட மறந்துட்டேன். அதுக்குத்தான் நீ பேஷ் போட்டே!”

“பொறவு யாருலே உப்புப் பார்த்தா?”

மசூது குரலைத் தாழ்த்தினார். “நான்தான். சுகர் ஏறிப் போச்சு. நோன்பு பிடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய சொல்ல வெக்கமா இருக்குலே.”

“கிறுக்கா! நோயாளிக்கு விலக்கு உண்டுன்னு போன வருஷம் உன் மக ஹுஸ்னாவுக்கு நீதானலே சொன்னே? அல்லா உனக்கு மட்டும் தனிச் சட்டமா வச்சிருக்கான்?”

சொன்ன பிறகுதான் யாருக்காக வக்கீல் வேலை பார்க்கிறோம் என்று பிச்சைமணிக்கே உறைத்தது. மசூதின் முகம் தெளிந்தது.

“அப்போ உன் நாக்கே போதுமே. எங்கிட்ட ஏம்லே தெனமும் கரண்டிய நீட்டுனே?” என்றார் பிச்சைமணி.

“நீ இல்லாம நான் என்னைக்குலே கஞ்சி காய்ச்சிருக்கேன்? போலே அங்கிட்டு.”

கிண்ணம் நிறைய ஊற்றி நீட்டினார். “ருசி தெரியாட்டாப் போவுது. சூடு தெரியும்லா? குடி.”

தெரிந்தது. மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய, ஊதி ஊதி வழித்துக் குடித்துவிட்டு, “நாளைக்கு ரெண்டரைக்கே வந்துருதேன்” என்றார் பிச்சைமணி.